பாட்டைப் பிரித்து மேயும் பாட்காஸ்ட்கள்: ரசிகர்கள் கொண்டாடுவது ஏன்?

பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க சுமார் 30 கி.மீ. பஸ்ஸில் அரியலூர் போக வேண்டும். ஹெட்போன் மாட்டினால் ஒரு பாட்காஸ்ட் எபிசோடைக் கேட்டு முடித்துவிடலாம். அதில் சினிமா, டிவி இசையை அலசும் பாட்காஸ்ட்களுக்கு எப்போதும் தனி ரசிகர் கூட்டம் உண்டு.

அப்படி என்ன இருக்கிறது?

'பாட்டு சூப்பர்' என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். ஏன் சூப்பர் என்று கேட்டால்தான் முழிப்போம். அந்த 'ஏன்'னுக்குப் பதில் சொல்வதுதான் இவர்கள் வேலை.

1985-ல் வந்த 'சிந்து பைரவி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் யேசுதாஸ் பாடும் ஒரு கல்யாணி ராகப் பாட்டில் ஸ்வரங்கள் ஏறுவரிசையில் மட்டுமே போகும், இறங்குவரிசையே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால், பழைய பாட்டே புதுசாகிவிடும். 'அட, இத்தனை வருஷமா இதைக் கவனிக்கலையே!' என்ற அந்த நொடிக்குத்தான் ரசிகர்கள் நன்றி சொல்கிறார்கள்.

யார் செய்கிறார்கள்?

ஹ்ரிஷிகேஷ் ஹிர்வே 2014-ல் தொடங்கிய 'சாங் எக்ஸ்ப்ளோடர்' உலக அளவில் பிரபலம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டைட்டில் இசையை ரமீன் ஜவாடியே அதில் பிரித்துக் காட்டினார். நம் ஊரில், சாருலதா மணி ஜெயா டிவியின் 'இசைப் பயணம்' நிகழ்ச்சியில் சினிமா பாட்டு வழியாக ராகங்களை விளக்கினார். 2020 ஊரடங்கில் சுபஶ்ரீ தணிகாசலம் யூடியூபில் தொடங்கிய 'குவாரன்டைன் ஃப்ரம் ரியாலிட்டி', பழைய பாடல்களைப் புதிதாகப் பாட வைத்து அவற்றின் நுணுக்கங்களையும் பேசியது.

என்ன சிக்கல்?

பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பாட்டைப் போட்டால்தான் பிரச்சினை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. ஆனால் எத்தனை விநாடி என்று சொல்லவில்லை. யூடியூபின் தானியங்கி முறையோ பாட்டை அடையாளம் கண்டால், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவே முடக்கப்படலாம். அந்தப் பயத்தில், பாட்டைப் போடாமல் கீபோர்டில் வாசித்தோ, முணுமுணுத்தோ காட்டி சமாளிக்க வேண்டியிருக்கிறது. இசைக்கோப்பின் நுணுக்கம் அதில் முழுசாகப் புரியாது.

கேட்பவர்கள் என்ன செய்யலாம்?

2025 ஜூலை 27 அன்று அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் இளையராஜா திருவாசக இசையை வழங்கினார். 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் அவர் ஆல்பமாகத் தந்த படைப்பு அது. தேவாரம், திருவாசகம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு வரிகள் பழக்கம். பின்னால் ஒலிக்கும் வயலின் வரிசை என்ன செய்கிறது என்று சொல்லத்தான் ஆள் தேவை.

அப்படிச் சொல்பவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்பவர்கள். பிடித்திருந்தால் ரேட்டிங் கொடுங்கள், நண்பருக்கு அனுப்புங்கள். 'சூப்பர்' என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் காது திறந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த எபிசோடை எடுக்க அவர்களுக்கு அதுதான் தெம்பு.