முதல் ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வேளாண் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டால் ஆராய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் தானாக வந்துவிடும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பதுண்டு. சம்பளம் வரும். உட்கார ஒரு மேசையும் பண்ணையில் ஒரு துண்டு நிலமும் கிடைக்கலாம். ஆனால் மண் பரிசோதனைக்கான ரசாயனம், டி.என்.ஏ. சோதனைக் கட்டணம், நடவுக் கூலி, உதவிக்கு ஓர் ஆய்வு மாணவர் என்று வரும்போது, அந்தப் பணத்தை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு நிதி நிறுவனத்துக்குத் திட்டம் எழுதி அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

புதியவர்களுக்கு இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. திட்டத்தைப் படித்து மதிப்பிடுபவர்கள், ‘இதில் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்கெனவே ஏதாவது செய்திருக்க, ஏற்கெனவே யாராவது பணம் கொடுத்திருக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே வரிசையில் நின்றால் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இளம் ஆய்வாளர்களுக்கென்று தனி வரிசை போடுகிறார்கள்.

இந்தியாவில் இப்போது அந்த வரிசையில் முக்கியமானது, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை தரும் பிரதமர் தொடக்கநிலை ஆய்வு நிதி. மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதற்கு முன்பு செர்ப் என்ற வாரியம் இரண்டு ஆண்டுக்கு 30 லட்சம் வரை கொடுத்துவந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த வாரியம் அறக்கட்டளைக்குள் கரைந்தது. இன்னும் நிரந்தர வேலை கிடைக்காதவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபேகல்டி திட்டம் உண்டு. ஐந்து ஆண்டு சம்பளத்தோடு, ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம். வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்களுக்கு உயிர்தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப். இவை எதுவும் வேளாண்மைக்கு மட்டுமானவை அல்ல. இயற்பியலும் மருத்துவமும் அதே தட்டில்தான் கை வைக்கின்றன.

1929இல் தொடங்கிய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.ஏ.ஆர்., இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் ஆண்டு ஒதுக்கீடு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். ஆனால் நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களை அது நடத்த வேண்டும். சம்பளமும் ஓய்வூதியமும் போக மிஞ்சுவதில்தான் ஆய்வு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் சொந்த யோசனைக்கு அதிலிருந்து வரும் பங்கு சொற்பம்.

60 லட்சம் பெரிய தொகையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் ஒரு மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் அது 42,000 ஆகும். மூன்று ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 14 லட்சம். வீட்டு வாடகைப் படி தனி. ஒரு நல்ல கருவி வாங்கினால் இன்னொரு பெரும்பங்கு போய்விடும். எஞ்சியதில்தான் விதை, உரம், ஆள்கூலி, பயணம், சோதனைக் கட்டணம் எல்லாம்.

தொகையைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது காலக்கணக்கு. வேதியியல் ஆய்வகத்தில் இன்று தோற்ற சோதனையை நாளைக் காலையில் மறுபடி செய்யலாம். சம்பா வயலில் அது நடக்காது. ஒரு மழை கெடுத்தால் ஓர் ஆண்டு போச்சு. மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஓர் ஆண்டு என்பது மூன்றில் ஒன்று.

பயிர் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்பதற்கு வெள்ளம் தாங்கும் நெல்லைச் சொல்லலாம். ஒடிசாவின் தளபுட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ, இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். இதை 1970களிலேயே ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கலிஃபோர்னியாவில் டேவிட் மக்கிலும் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த கெனாங் ஷுவும் 1996இல் வெளியிட்டார்கள். சப் 1 எனப்படும் அந்த மரபணுவைப் பிரித்துக் காட்டிய கட்டுரை 2006இல் வந்தது. அந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப் 1 என்ற ரகம் இந்தியாவில் வெளியானது 2009இல். இன்று காவிரி டெல்டாவின் தாழ்ந்த வயல்களில் நடப்படும் சி.ஆர். 1009 சப் 1 அதே வழியில் வந்த ரகம். மாணவர் ஒருவர் தொடங்கியது வயலுக்கு வர 13 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. எந்த ஒற்றை மூன்று ஆண்டுத் திட்டமும் இதைத் தாங்கியிருக்காது.

ஆகவே விவரம் தெரிந்த இளைஞர் என்ன செய்கிறார்? மூன்று ஆண்டில் முடியக்கூடிய கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறார். புதிய ரகம் வேண்டாம், தொட்டியில் வளர்த்த செடியில் நான்கு மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்துக் கட்டுரை எழுதலாம். அவரைக் குறை சொல்ல முடியாது, அடுத்த நிதிக்குக் கட்டுரைதான் சாட்சி. ஆனால் இப்படியே போனால் நீண்டகால வேலைக்கு ஆள் குறைந்துகொண்டேதான் போகும். ஒளியையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தி ஆண்டுக்கு ஐந்தாறு தலைமுறை எடுக்கும் விரைவு இனப்பெருக்க முறை வந்திருக்கிறது என்பது உண்மை. ஒட்டுச் சேர்த்த பயிர் குணம் நிலைப்படும் வரையிலான காலத்தை அது சுருக்கும். ஆராய்ச்சிப் பண்ணையிலும் பல ஊர்களிலும் உழவர் வயலிலும் வைத்துப் பார்க்கும் ஆண்டுகளை அதனால் சுருக்க முடியாது.

இதற்கு மேல் நிதியாண்டு ஒன்று இருக்கிறது. மார்ச் 31க்குள் செலவழிக்காத பணத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். அடுத்த தவணைக்கு யு.சி. எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். தானியத்தையும் மண்ணையும் எடுத்துச் சோதிக்கும் வேலை சரியாகக் கணக்கு முடிக்கும் நேரத்தில் தொடங்கி, புதுப் பணம் இன்னும் வந்திராத ஏப்ரல், மே வரை நீளும். டெல்டாவின் நாள்காட்டியை டெல்லியில் யாரும் பார்த்து விதி எழுதியதாகத் தெரியவில்லை. ஒன்றில் மட்டும் 2025 ஜூனில் கொஞ்சம் தளர்த்தினார்கள்: அறிவியல் கருவிகளை அரசின் ஜெம் என்ற கொள்முதல் தளத்துக்கு வெளியே வாங்க நிறுவனத் தலைவர்கள் அனுமதிக்கலாம், விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது.

அமெரிக்காவில் உணவு, வேளாண் ஆராய்ச்சிக்கென்றே 2014ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டம் ஓர் அறக்கட்டளையை உண்டாக்கி 20 கோடி டாலர் கொடுத்தது. அரசு டாலர் ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து இன்னொரு டாலர் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுக்குள் இருக்கும் பேராசிரியர்களுக்கு அது தனி விருது தருகிறது. உணவுக்கும் பயிருக்கும் மட்டுமான வரிசை என்பதுதான் அதில் நமக்குக் கவனிக்கத் தக்கது.

வெளிப்பணத்தை நம்பும் ஏற்பாட்டை அப்படியே கொண்டுவர எனக்குத் தயக்கம் உண்டு. நம் அனுசந்தான் அறக்கட்டளைக்குத் திட்டமிட்ட 50,000 கோடியிலும் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் வீரிய ஒட்டு விதை விற்கலாம், கம்பெனிகள் வரும். சாமையை யார் கேட்பார்கள்? உழவர் தன் விதையைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும் பயிரில் கம்பெனிக்கு லாபமில்லை. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் சிறுதானியங்களுக்கென்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே புதிதாகச் சேரும் ஒருவர் எழுதும் திட்டத்துக்குப் பணம் போடக்கூடியது ஏறக்குறைய அரசு மட்டும்தான். அவர் எழுதும்போது முழு ரகத்தையும் வாக்களிக்காமல், மூத்தவர்கள் பத்து ஆண்டாக நடத்திவரும் இனப்பெருக்க வேலையில் மூன்று ஆண்டில் முடிக்கக்கூடிய ஒரு துண்டைப் பிரித்தெடுத்துக் கேட்பது நல்லது. அதில் ஒரு பருவம் கெட்டுப்போகலாம் என்று எழுதி, அதற்கும் சேர்த்தே செலவைக் காட்டிவிட வேண்டும்.