துணை என்பது இருவருக்கும்



கோல சிலாங்கூரிலும், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவிலும், வடக்கே கெர்லிங், களும்பாங் பக்கங்களிலும் நம் மக்கள் வாழும் இடமெல்லாம் பழைய திரைப்பாடல்கள் உண்டு. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்துவிட்டது. லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோனவர்களும் பலர். பாட்டு மட்டும் நம்மோடு கூடவே வருகிறது. அப்படிப்பட்ட பாட்டு ஒன்றைக் கொண்டு, கணவன் மனைவிக்குள் விசுவாசம் என்பது என்ன என்று இன்று சிந்திப்போம்.

1961-ஆம் ஆண்டில் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த படம் 'பாலும் பழமும்'. சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் கணவன் மனைவியாக நடித்தார்கள். படத்தின் பெயரோடு தொடங்கும் பாடலைக் கண்ணதாசன் எழுதினார், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தார்கள், டி. எம். சௌந்தரராஜன் பாடினார்.

கணவர் ஒரு டாக்டர். புற்றுநோய்க்கு மருந்து காண ஆராய்ச்சி செய்பவர். நர்ஸாக இருந்த மனைவி அவருக்கு வலக்கையாக நின்றவள். அவளைக் காசநோய் பற்றிக்கொள்கிறது. ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, கணவர் அவளுக்குப் பணிவிடை செய்கிறார். அவள் தமக்குச் செய்ததையெல்லாம் நினைத்து, அவள் மெலிந்திருப்பதைக் கண்டு மனம் கலங்கி, காப்பேன் என்று உறுதி கூறுகிறார். அதுதான் அந்தப் பாட்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனைவி கணவனுக்குப் பணிவிடை செய்வதை நம் கதைகளும் பாட்டுகளும் ஏராளமாகச் சொல்லியிருக்கின்றன. இங்கே கட்டிலில் கிடப்பவள் மனைவி. பக்கத்தில் இருந்து பார்ப்பவன் கணவன். கற்பு என்று ஒன்று இருக்குமானால் அது ஆண், பெண் இருவருக்கும் பொது என்று பாரதியார் கூறியதை அந்தப் பாட்டு கண்முன்னே காட்டுகிறது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தன்னால் கணவரின் ஆராய்ச்சி கெடுகிறதே என்று எண்ணி, மனைவி சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அவள் ரயில் விபத்தில் இறந்துவிட்டதாக நம்பிய கணவர், பெரியவரின் வற்புறுத்தலால் வேறொருத்தியை மணக்கிறார். பிறகு அவருக்குக் கண்பார்வை போகிறது. நோய் தீர்ந்து திரும்பிய முதல் மனைவி, தான் யார் என்று சொல்லாமலே நர்ஸாக இருந்து அவரைக் கவனிக்கிறாள். மூவருமே துன்பப்படுகிறார்கள். காரணம் என்ன? அன்பு குறைவா? இல்லை. மனம் விட்டுப் பேசாத குறைதான். துணைவரின் நன்மையை நாமே தனியாகத் தீர்மானித்துவிட்டால், தியாகமும் தீங்காக முடியும்.

அந்த மனைவி வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டுமா? படம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அதே சென்னை நகரில் இதற்கு ஒரு விடை கிடைத்திருந்தது. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. இருந்தும், 1959-இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வுகளில் தெரிந்தது. மருந்தை விடாமல் சாப்பிட்டதே முக்கியமாக இருந்தது.

இன்று காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறியதும், "இனி எதற்கு மாத்திரை?" என்று தோன்றும். அங்கேதான் துணையின் விசுவாசம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு என்று கண்டால், "வா, நானும் வருகிறேன்" என்று கிளினிக்குக்கு அழைத்துப் போகவேண்டும். மாத்திரை நேரத்தை நினைவுபடுத்த வேண்டும். அவள் படுத்திருக்கும் நாளில் சோறு ஆக்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் ஆண் கை நீளவேண்டும். நோய் வந்தவரைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒதுங்குவது துணைக்கு அழகல்ல. நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவதும் தியாகமல்ல.

பாட்டில் வரும் உறுதிமொழி மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் அது ஆறு மாதம், சில வேளைகளில் ஆயுள் முழுவதும் நடக்கவேண்டும். இன்னொரு முறை அந்தப் பாட்டைக் கேட்கும்போது, கணவனும் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும், உடம்பிலும் மனத்திலும் என்ன குறை என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள்.