மத்தளம்பாறையில் மென்பொருள், ஆய்க்குடியில் தேவை

தென்காசி என்றால் குற்றாலச் சாரல் மட்டும்தான் என்ற காலம் போய்விட்டது. 2011இல் ஜோஹோ நிறுவனம் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ‘ஜோஹோ டெஸ்க்’ உருவானது அங்கேதான். உலகச் சந்தைக்கான மென்பொருளை மலையடிவாரத்தில் உட்கார்ந்தே எழுதலாம் என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை. எதை எழுதுவது என்று கேட்பவர்களை நான் தென்காசியை அடுத்த ஆய்க்குடிக்கு அழைப்பேன்.

பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவர் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான இந்த நிறுவனம், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்காக ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலியைக் களத்தில் இறக்கியிருக்கிறது.

“பிள்ளைக்கு இன்னும் தலை நிக்கலையே” என்று தாய் கவலைப்படுவார். “போகப் போகச் சரியாயிரும்” என்பார் பாட்டி. அந்தக் காத்திருப்புதான் ஆபத்து. முதல் சில ஆண்டுகளில் மூளையின் நரம்பு இணைப்புகள் மளமளவென்று உருவாகின்றன. புழங்கும் இணைப்பு வலுப்படும், புழங்காதது கழிந்துவிடும். அப்போதே பயிற்சி கொடுத்தால் பாதிப்படைந்த பகுதியின் வேலையை மற்ற பகுதிகள் ஓரளவு ஏற்றுக்கொள்ளப் பழகும். ஆனால் நிபுணர் இருப்பது நகரத்தில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று.

அதனால் பயிற்சி பெற்ற பணியாளர் அந்தச் செயலியுள்ள டேப்லெட்டோடு வீட்டுக்கே வருகிறார். குழந்தையைப் பாயில் குப்புறப் போட்டு, தலையைத் தூக்குகிறதா, கையை ஊன்றுகிறதா, சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா என்று பார்த்துப் பதிகிறார். நிபுணர் அதை வைத்துப் பயிற்சித் திட்டம் வகுக்கிறார். பணியாளர் அதைத் தாய்க்குச் செய்து காட்டுகிறார். அடுத்தடுத்த பதிவுகளை ஒப்பிட்டால் முன்னேற்றமும் தேக்கமும் தெரிந்துவிடும். ஒரு நிபுணரின் கண் பல ஊர்களுக்கு எட்டுகிறது.

எத்தனை கட்டடம் எழும்பியது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மட்டும் பார்த்து ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியை எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை. இங்கே கையில் இருப்பது அதைவிடப் பெரியது. பாதிக்கப்பட்ட குழந்தைகளை நாள்தோறும் பார்க்கும் கைகள் ஆய்க்குடியில் இருக்கின்றன. நிரல் எழுதும் கைகள் தென்காசிக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. பெற்றோர் சம்மதத்தோடு, அடையாளம் நீக்கிய பதிவுகளைக் கொண்டு, செல்போன் வீடியோவிலேயே வளர்ச்சித் தாமதத்தைச் சந்தேகிக்கும் மென்பொருளை இவர்கள் சேர்ந்து செய்யலாம். காலுக்குப் போடும் பிளாஸ்டிக் தாங்கியையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை வளர வளர அது இறுகும். பட்டை பதிந்த இடத்தில் தோல் சிவந்து புண்ணாகும், மறுபடி அளவெடுக்க வேண்டும். பாதத்தை ஸ்கேன் செய்து 3டி பிரின்டரில் தாங்கியை அச்சிடும் பட்டறை ஒன்று உள்ளூரிலேயே இருந்தால் அந்த அலைச்சல் குறையும்.

உலகில் ஆறில் ஒருவர் குறிப்பிடத்தக்க உடல், மனக் குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆய்க்குடியில் ஒரு பிள்ளைக்குப் பொருந்தும் தாங்கிக்கும் மென்பொருளுக்கும் ஆப்பிரிக்கக் கிராமங்கள்வரை தேவை இருக்கிறது. சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டை விலைக்கு வாங்குவதை விட்டுவிட்டு, இந்தப் பட்டறையை இந்த ஆண்டே தொடங்கலாம்.