மழைக்காலமும் கோழிக்கூடும்

நம் மலேசியாவில் பனிக்காலம் இல்லை. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. பகாங், கிளந்தான் பக்கத்துத் தோட்டங்களில் மழையும் காற்றும் கடுமை. வீட்டுக்குப் பின்னால் நாம் வளர்க்கும் நாலு கோழிகள் பிள்ளைகளுக்கு முட்டை, அவசரத்துக்குக் கைச்செலவு. அவற்றைக் காப்பது எப்படி?

கோழியின் இறகுகளுக்கிடையே தங்கும் காற்றுதான் அதன் போர்வை. உலர்ந்த கோழி குளிரைத் தாங்கும். நனைந்த கோழி நடுங்கும். ஆகவே, எந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது என்று முதலில் கவனிப்போம். அந்தப் பக்கத்தைப் பழைய தகரத்தாலோ சாக்காலோ மறைப்போம். வாசலை மறுபக்கம் வைப்போம்.

அதற்காக நான்கு பக்கமும் அடைத்துவிடக் கூடாது. எச்சத்திலிருந்து எழும் அமோனியா வாயு கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். கூரையை ஒட்டி ஒரு சாண் உயரம் திறந்து விட்டு, கம்பிவலை அடிப்போம்.

தரை ஈரமானால் இரத்தக் கழிச்சல் நோய் பரவும், குஞ்சுகளைக் கொன்றுவிடும். மரத்தூளோ உமியோ பரப்பி, நனைந்ததை உடனே அள்ளி மாற்றுவோம்.

தாயில்லாக் குஞ்சுகளுக்கு விளக்குச் சூடு வேண்டும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கினால் குளிர்கிறது என்று பொருள். விலகி ஓடினால் சூடு அதிகம்.

சாரலைத் தடுப்போம், காற்றோட்டத்தைத் தடுக்காதிருப்போம்.