பதினொரு ஆசனம் ஆறானது எப்படி?

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் தெரிவுசெய்து அனுப்பியது ஆறே ஆறு உறுப்பினர்களை. 1989இல் அதே மாவட்டத்துக்குப் பதினொரு ஆசனங்கள் இருந்தன. 1994இல் பத்து, 2001இல் ஒன்பது, 2015இல் ஏழு என்று படிப்படியாக இறங்கி இப்போது ஆறில் வந்து நிற்கிறது. கிளிநொச்சியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதே 2024இல் கம்பஹாவுக்கு ஓர் ஆசனம் கூடி 19 ஆனது. கொழும்புக்கு ஒன்று குறைந்து 18 ஆனது.

இதில் எந்தக் கட்சியின் சூழ்ச்சியும் இல்லை. எல்லாம் அரசியலமைப்பில் எழுதியிருக்கிற கணக்கு. மொத்தம் 225 உறுப்பினர்களில் 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். மீதி 196இல் மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் முதலில் ஒதுக்கப்படும். எஞ்சிய 160ஐ மாவட்டங்களின் வாக்காளர் தொகையைப் பார்த்துப் பிரிப்பார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர்கள் குறைந்தால் ஆசனமும் குறையும்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே பிரதிநிதிகள் சபையின் 435 ஆசனங்களைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசன மதிப்பீட்டின்படி மாநிலங்களுக்குப் பங்கிடுவார்கள். 2020 கணக்கெடுப்பில் டெக்சாஸ் இரண்டு ஆசனங்களைக் கூட்டிக்கொண்டது; கலிபோர்னியா தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒன்றை இழந்தது. நியூயோர்க் தன் ஆசனத்தைப் பறிகொடுத்தது 89 பேர் குறைந்ததால். அங்கே வீட்டு விலையும் வரியும் வேலையும் சனத்தை மாநிலம் மாற்றுகின்றன. இங்கே ஷெல்லடியும் விமானக் குண்டும் அந்த வேலையைச் செய்தன.

1981 குடிசன மதிப்பீட்டில், கிளிநொச்சி நீங்கலாக, யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 7.38 இலட்சம் பேர் இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு 1991இல் வந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. 2001இல் நடந்தது வடக்கு கிழக்கில் முழுமையாக எடுபடவில்லை. முப்பத்தொரு வருடம் கழித்து, 2012இல் முழுநாட்டையும் எண்ணியபோது யாழ்ப்பாணத்தில் அகப்பட்டது 5.84 இலட்சம். இடைப்பட்ட காலத்தில் இலங்கையின் சனத்தொகை ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் கீழிருந்து இரண்டு கோடிக்கு மேல் ஏறியிருந்தது.

காணாமற்போன அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கைத் தேட வெள்ளவத்தை வரை வந்தால் போதும்.

கொழும்பு 6 ஆன வெள்ளவத்தையில் தமிழர் குடியேறியது போரோடு தொடங்கிய சங்கதி அல்ல. அரசாங்க உத்தியோகம் கிடைத்த யாழ்ப்பாணத்தார் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வீடெடுத்துத் தங்கினார்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்றும் 57ஆம் ஒழுங்கையில் இயங்குகிறது. 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியபின் கிளாக்கர்மாருக்கும் ஆசிரியர்மாருக்கும் கொழும்பு வேலை செய்யும் இடம், யாழ்ப்பாணம் வீடு என்றாகிவிட்டது. விடுமுறைக்கு ஊர் போய், விடுமுறை முடியத் திரும்பி வந்தார்கள்.

1983 ஜூலைக் கலவரம் அந்தப் போக்குவரத்தைக் குலைத்தது. கொழும்பில் வீடும் கடையும் எரிய, தமிழர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி போன்ற இடங்களில் அகதிகளாக இருந்தார்கள். பலரைக் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். அப்போது சனம் போன திசை வடக்கு. சில வருடங்களிலேயே அது மாறிவிட்டது. 1990இல் வடக்குக்கான ரயில் நின்றது. அதே வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்ற, அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அதன் பிறகு கொழும்புக்கு வந்தவர்களில் பலர் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். சிலருக்குப் பூட்ட வீடே மிஞ்சவில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகள் பெருகியது அந்தக் காலத்தில்தான். ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிவிட்டு அழைப்புக்குக் காத்திருந்த பெடியன்கள், கனடா ஸ்பொன்சரை எதிர்பார்த்திருந்த பெற்றோர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் அங்கே தங்கினார்கள். பொலிஸில் பதியாமல் ஓர் இரவும் தங்க முடியவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜுகளில் இருந்த முந்நூற்றுக்கும் அதிகமானோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சொந்த நாட்டின் தலைநகரில் தங்கக் காரணம் காட்ட வேண்டியிருந்த காலம் அது.

காத்திருந்தவர்களில் கணிசமானோர் விமானம் ஏறிவிட்டார்கள். கனடாவில் மட்டும் இன்று இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான தமிழர்கள் வாழ்கிறார்கள். ஏறாமல் நின்றவர்களுக்கு அங்கிருந்து காசு வந்தது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பழைய ஓட்டு வீடுகள் உடைபட்டுத் தொடர்மாடிகள் எழுந்ததில் அந்தக் காசுக்குப் பெரிய பங்குண்டு.

கொட்டாஞ்சேனையின் கதை சற்று வேறு. துறைமுகத்தை ஒட்டிய கொழும்பு 13இல் வணிகர்களும் துறைமுகத் தொழிலாளரும் தலைமுறைகளாக இருக்கிறார்கள். மலையகத்திலிருந்து கடை வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த இளைஞர்களும் அங்கேதான் அறை எடுத்தார்கள். மலையகத் தமிழரின் எண்ணிக்கையை முதலில் குறைத்தது ஓர் ஒப்பந்தம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 9.75 இலட்சம் பேரில் 5.25 இலட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சம் 1.5 இலட்சம் பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்ட இவர்கள், 1981இல் நாட்டின் சனத்தொகையில் 5.5 வீதமாக இருந்து, 2012இல் 4.1 வீதமானார்கள், 2024இல் 2.8 வீதம். கடைசிப் பன்னிரண்டு வருடச் சரிவைப் பிறப்பு இறப்பை மட்டும் வைத்து விளக்க முடியாது. பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. அந்தப் பிரிவு இதே காலத்தில் 11 வீதத்திலிருந்து 12 வீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது.

இப்போது கொழும்பு நகரமே சுருங்குகிறது. 2001இல் மாநகர எல்லைக்குள் சுமார் 6.4 இலட்சம் பேர் இருந்தார்கள். சிங்களவர் 41 வீதம், இலங்கைத் தமிழர் 29 வீதம், முஸ்லிம்கள் 24 வீதம்; யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. 2012இல் மொத்தம் 5.6 இலட்சமாகிவிட்டது. காணி விலை ஏற ஏற, கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் பாலம் கடந்து வத்தளைக்கும் ஹெந்தளைக்கும் போகின்றன. வெள்ளவத்தையில் வாங்க இயலாதவர்கள் தெகிவளை, இரத்மலானைப் பக்கம் பார்க்கிறார்கள். வத்தளை கம்பஹா மாவட்டம். 2024இல் கம்பஹா 24.3 இலட்சம் பேரோடு கொழும்பை முந்தி, நாட்டிலேயே அதிக சனம் வாழும் மாவட்டமானது.

வடக்கிலும் ஒரே போக்கு இல்லை. போர் முடிந்த முல்லைத்தீவு, 2012இல் இருந்த 92 ஆயிரத்திலிருந்து 2024இல் 1.2 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. வவுனியா பன்னிரண்டு வருடமாக 1.72 இலட்சத்தில் அசையாமல் நிற்கிறது. யாழ்ப்பாணம் பத்தாயிரம் பேரளவே கூடி 5.94 இலட்சமாகியிருக்கிறது.

இனி இந்தக் குறைவு வடக்கோடு நிற்கப்போவதில்லை. 2013இல் நாடு முழுவதும் சுமார் 3.6 இலட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் அது 2.5 இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. பொருளாதாரம் விழுந்த 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து சென்றார்கள். கடவுச்சீட்டு வரிசையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதம் இருக்கவில்லை.

போனவர்களைத் திருப்பி அழைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. இருப்பவர்களாவது எண்ணப்பட வேண்டும். ஊரில் பெயர் வெட்டுப்பட்டு, கொழும்பிலும் பதியாமல் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கும் குடும்பங்களால் எந்த மாவட்டத்துக்கும் பலனில்லை. வாக்காளர் இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. உங்கள் வீட்டில் பதினெட்டு வயதானவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று இந்த வருடம் கிராம உத்தியோகத்தரிடம் போய் ஒருமுறை பாருங்கள்.