சுழலும் ஸ்பீக்கரின் ஒலி 9 வோல்ட் பெட்டிக்குள் அடங்குமா? வீட்டிலேயே ஃபேஸர் செய்வது எப்படி?

ஸ்ரீபெரும்புதூரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக நின்றால் இதைத் தினமும் கேட்கலாம். ஹாரன் அடித்தபடி வரும் லாரி நம்மைக் கடந்ததும், அந்தச் சத்தம் சட்டென்று தாழ்ந்துவிடும். பிளஸ் 1 இயற்பியலில் படித்த டாப்ளர் விளைவுதான் இது. இதையே ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து இசையாக்கியது லெஸ்லி ஸ்பீக்கர். சர்ச் கீபோர்டிலும் மெல்லிசைக் குழு மேடையிலும் 'ரோட்டரி' பட்டனை அழுத்தினால், ஆர்கன் ஒலி அலையலையாய்ச் சுழலுமே, அதன் மூலம் இதுதான்.

அந்த ஒலிக்கு நெருக்கமான ஒன்றைச் சில நூறு ரூபாய் பாகங்களில் நாமே செய்யலாம். எப்படி?

லெஸ்லி ஸ்பீக்கர் என்றால் என்ன?

1935-ல் அமெரிக்காவில் ஹேமண்ட் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. பெரிய தேவாலயங்களின் குழாய் ஆர்கனுக்கு மலிவான மாற்று. ஆனால் டொனால்ட் லெஸ்லி என்பவருக்கு அதன் ஒலி உயிரில்லாமல் தெரிந்தது. குழாய் ஆர்கனில் ஒவ்வொரு குழாயின் ஒலியும் ஒவ்வோர் இடத்திலிருந்து வரும். ஹேமண்டில் எல்லாம் ஒரே ஸ்பீக்கரிலிருந்து. அப்படியானால் ஒலி வரும் இடத்தையே நகர்த்தினால் என்ன என்று யோசித்தார். அவருடைய ஸ்பீக்கர் 1941-ல் சந்தைக்கு வந்தது.

பிற்காலத்தில் புகழ்பெற்ற மாடல்களில் சுமார் 800 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி மேலே சுழலும் கொம்புக்கும், அதற்குக் கீழானது அடியில் சுழலும் டிரம்முக்கும் போகும். மெதுவான வேகத்தில் கொம்பு நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று. வேகமான நிலையில் சுமார் 400 சுற்று.

ஒரு சின்னக் கணக்கு. 72 கி.மீ. வேகத்தில் வரும் லாரியின் 400 ஹெர்ட்ஸ் ஹாரன், நெருங்கும்போது 424 ஹெர்ட்ஸாகவும் விலகும்போது 378 ஹெர்ட்ஸாகவும் கேட்கும். கொம்பின் முனை மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்தால், வேகமான நிலையில் அதே 400 ஹெர்ட்ஸ் 390-க்கும் 410-க்கும் இடையே ஊசலாடும். நொடிக்கு ஆறேழு முறை ஒரு குட்டி லாரி நம்மைக் கடந்துபோகிற மாதிரி!

ஃபேஸர் எங்கிருந்து வந்தது?

லெஸ்லி ஒரு பீரோ சைஸ். மேடைக்கு மேடை தூக்கிப்போவது சிரமம். 1960-களின் இறுதியில் ஜப்பானின் ஷின்-எய் நிறுவனத்துக்காக ஃபுமியோ மியெடா 'யூனி-வைப்' என்ற கருவியை வடிவமைத்தார். தனக்குத் தூண்டுதல் லெஸ்லி அல்ல, மாஸ்கோ வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு வானத்தில் கலங்கி அலைபாய்ந்து கேட்ட விதம்தான் என்று அவர் பின்னாளில் சொன்னார். ஆனாலும் இசைக்கலைஞர்களுக்கு அது கையடக்க லெஸ்லியாகவே தெரிந்தது. 1969 வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதைப் பயன்படுத்தினார். 1971-ல் டாம் ஓபர்ஹைம் வடிவமைத்த மேஸ்ட்ரோ, 1974-ல் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 என்று வரிசை நீண்டது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஃபேஸ் என்பதை நம் பாடநூல்கள் 'கட்டம்' என்கின்றன. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரும். ஒருவர் தள்ளும்போது இன்னொருவர் இழுத்தால் நின்றுவிடும். ஃபேஸர் செய்வதும் இதுதான். ஒலியின் ஒரு நகலை எடுத்து, அதன் கட்டத்தை மாற்றி, அசலோடு கலக்கிறது. எந்த அதிர்வெண்ணில் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றனவோ, அங்கே ஒலி மறைந்து ஒரு பள்ளம் விழும். பள்ளங்களை மேலும் கீழும் நகர்த்தினால் 'வூஷ்' என்ற அலை கிடைக்கும்.

இதில் லெஸ்லியோடு என்ன தொடர்பு? கட்டம் மாறிக்கொண்டே இருந்தால், மாறும் அந்த நேரத்தில் சுருதியும் சற்று ஏறி இறங்கும். அசலைக் கலக்காமல் நகலை மட்டும் கேட்டால் இது தெளிவாகத் தெரியும். கொம்பு சுழன்று செய்வதை இங்கே மின்சுற்று செய்கிறது.

என்னென்ன வேண்டும்?

• டிஎல்074 ஐசி ஒன்று. இதில் நான்கு ஆப்-ஆம்ப்; ஒவ்வொன்றும் கட்டம் மாற்றும் ஓர் அடுக்கு.
• டிஎல்072 ஒன்று. ஒரு பாதி உள்ளே வரும் சிக்னலை வாங்க, மறுபாதி அசலையும் நகலையும் கலக்க.
• எல்எம்358 ஒன்று. எல்இடியை மெதுவாகக் கூட்டிக் குறைக்கும் ஆஸிலேட்டருக்கு.
• எல்டிஆர் நான்கு. தெருவிளக்கு புராஜெக்டில் பயன்படுத்தினோமே, அதேதான்.
• 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் நான்கு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், எல்இடி, 9 வோல்ட் பேட்டரி, பிரெட்போர்டு.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாம் கிடைக்கும்.

எல்இடி கூடக் கூட எல்டிஆரின் மின்தடை குறையும். தடை 10 கிலோ ஓமாக இருக்கும்போது, நான்கு அடுக்குகளும் சேர்ந்து 660, 3,840 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு பள்ளங்களை உண்டாக்கும். எல்இடி மங்கி தடை 100 கிலோ ஓம் ஆனால், அவை 66, 384 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆஸிலேட்டர் வேகத்தை நொடிக்கு 0.7 முறை வைத்தால் லெஸ்லியின் மெதுவான நிலை, 6.7 வைத்தால் வேகமான நிலை.

எங்கே சொதப்பும்?

எல்டிஆர்கள் ஒன்றுபோல இருக்காது. பத்து வாங்கி, ஒரே வெளிச்சத்தில் மல்டிமீட்டரால் அளந்து, நெருங்கிய நான்கைப் பொறுக்குங்கள். எல்இடியையும் நான்கு எல்டிஆரையும் வெளிச்சம் புகாத கருப்பு டப்பாவுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ரூமின் டியூப்லைட் வெளிச்சமே இரைச்சலாக உள்ளே வரும்.

'டிக் டிக்' என்று கேட்டால் ஆஸிலேட்டரின் மின் இணைப்புக்கு அருகே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். சோதிக்கும்போது புல்லாங்குழல் டோன் வேண்டாம். மேற்சுரங்கள் குறைந்த ஒலியில் பள்ளம் விழுந்தாலும் தெரியாது. முழு ஆர்கன் கார்டை அழுத்திப் பிடியுங்கள்.

கீபோர்டின் லைன் அவுட்டை மட்டும் இணையுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட் இதற்குள் வரவே கூடாது.

அசல் லெஸ்லி மாதிரியே இருக்குமா?

இருக்காது. லெஸ்லியில் சுருதியோடு ஒலியளவும் ஏறி இறங்கும். பெட்டியின் சுவர்களிலும் ரூமிலும் எதிரொலி சேரும். கொம்பு சட்டென்று வேகமெடுக்கும், கனமான டிரம் பின்தங்கி வரும். நம் சர்க்யூட்டில் இவை எதுவும் இல்லை. எல்டிஆர் கொஞ்சம் சோம்பேறி என்பதால், வேகமான நிலையில் அலையின் ஆழமும் குறையும்.

கொஞ்சம் நெருங்க ஒரு வழி உண்டு. யூனி-வைப்பில் நான்கு கெப்பாசிட்டர்களும் நான்கு வேறு மதிப்பு. அதனால் கூர்மையான பள்ளத்துக்குப் பதில் இதயத்துடிப்பு மாதிரி ஓர் அசைவு வரும். நீங்களும் மாற்றிப் பாருங்கள்.

இதைச் செய்து என்ன ஆகப்போகிறது?

போனிலேயே ரோட்டரி ஆப் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயம்தான். மேடைக்கு ஒலி மட்டும் போதும் என்றால் ஆப்பே சிறந்தது.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2006-ல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இங்கே எலக்ட்ரானிக்ஸ் என்பது மாதச் சம்பளம். 2014-ல் அந்த ஆலை நின்றபோது, ஒரே ஸ்டேஷனில் ஒரே வேலை மட்டும் தெரிந்தால் போதாது என்பதும் பலருக்குப் புரிந்தது. ஆப்-ஆம்பை டிப்ளமோவில் தேர்வுக்காகப் படித்துவிட்டு, லைனில் மணல் அளவு பாகங்களை மெஷின் வைப்பதைப் பார்த்துக்கொண்டே ஷிஃப்டை முடிப்பவர்கள் இங்கே நிறைய. அங்கே போர்டு சரியா தவறா என்பதை டெஸ்டிங் மெஷின் சொல்லிவிடும். ஏன் தவறு என்பது அடுத்த டிபார்ட்மெண்ட் விஷயம்.

இந்தச் சின்ன சர்க்யூட்டில் ஒவ்வொரு பாகத்தின் வேலையும் காதில் கேட்கும். ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றி 22 நானோஃபாரட் போட்டால், ஒலி எப்படி மாறுகிறது என்று உடனே தெரியும். ஓர் அடுக்கு வேலை செய்யவில்லை என்றால், எந்த அடுக்கு என்று நீங்களேதான் தேடிப்பிடிக்க வேண்டும். பழுது கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது அப்படித்தான்.

முதல் வார லீவில் ஓர் அடுக்கை மட்டும் பிரெட்போர்டில் போட்டுப் பாருங்கள். அது சரியாக வந்தால், மற்ற மூன்றும் அதே சர்க்யூட்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: சால்டரிங் அயர்னைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து 'எடுத்து வந்தால்', கேட்டில் செக்யூரிட்டி கேட்கும் கேள்விக்கு டாப்ளர் விளைவு பதிலாகாது!