கால்மணி நேர மௌனம்

மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் உள்ள சாந்திநிகேதனில் இரவீந்திரநாத் தாகூர் 1901-ஆம் ஆண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவ்விடம் அதற்கு முன்பே மௌனத்துக்குப் பழகியிருந்தது. தாகூரின் தந்தை தேவேந்திரநாதர் 1863-இல் அந்நிலத்தைப் பெற்றவர். வெட்டவெளியில் நின்ற ஏழிலைப்பாலை மரத்தடியில் அமர்ந்து தியானம் செய்வது அவருடைய வழக்கம். மகன் தொடங்கிய பள்ளிக்கும் மரநிழலே வகுப்பறை ஆயிற்று. காலையில் கால்மணி நேரமும் மாலையில் கால்மணி நேரமும் மாணவர்கள் பேசாமல் அமர்ந்திருப்பது அப்பள்ளியின் நாள்முறைகளுள் ஒன்றாக இருந்தது.

அந்நேரத்தில் சிறுவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? இக்கேள்விக்குத் தாகூர் ஒளிவுமறைவின்றி விடை கூறியிருக்கிறார். அமெரிக்காவில் தம் பள்ளியைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவில், மாணவர்கள் அமைதியாக அமர்ந்து தங்களை அடக்கிக்கொள்வதை மட்டுமே தாம் வலியுறுத்துவதாக அவர் தெரிவித்தார். அவர்கள் இறைவனை நினையாமல், மரத்தில் ஓடும் அணில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவருக்கு அதில் குறையில்லை. இந்த ஒரு சலுகையின் அருமை, நூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஓர் ஆய்வை அறிந்தால் நன்கு விளங்கும்.

இன்று பல நாடுகளின் பள்ளிகளில் மனவிழிப்புப் பயிற்சி என்னும் பெயரில் அமைதி நேரம் ஒதுக்கப்படுகிறது. இதன் வேர் பௌத்த மரபில் உள்ளது. பாலி மொழியில் இதனை ‘ஸதி’ என்பர். நினைவில் வைத்திருத்தல் என்பது அச்சொல்லின் பொருள். பயிற்சியின் முறை மிக எளிது. நிமிர்ந்து அமர்ந்து, மூச்சு உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் கவனிக்க வேண்டும். சில நொடிகளில் மனம் வேறெங்கோ போய்விடும்: மதிய உணவு, நேற்று நடந்த சண்டை, நாளைய தேர்வு. போய்விட்டதை உணர்ந்தவுடன், தன்னைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். மனம் ஓடிவிட்டதே என்று வருந்தும் மாணவர் பலர். ஓடிய மனத்தைக் கண்டுபிடித்து அழைத்து வரும் அந்தக் கணமே பயிற்சி என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மனம் இவ்வாறு அலைவது சிறுவர்க்கு மட்டும் உரிய குறை அன்று. 2010-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வயதுவந்த 2,250 பேரின் கைப்பேசிகளுக்கு நாளின் பல வேளைகளில் திடீரென்று ஒரு கேள்வி அனுப்பப்பட்டது: ‘இப்போது என்ன செய்கிறீர்கள், உங்கள் மனம் அதில் இருக்கிறதா?’ ஏறத்தாழ 47 விழுக்காடு விடைகளில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அவ்வாறு அலைந்த நேரங்களில் அவர்களின் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

இப்பயிற்சியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் கபாட்-ஸின். 1979-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அவர் பல வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். நாள்பட்ட வலியால் துன்புற்று, மருந்தால் முழு நிவாரணம் பெறாத நோயாளிகள் பலர் அதில் சேர்ந்தனர். முதல் வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் உலர்ந்த திராட்சை தரப்படும். அதை வாழ்நாளில் முதன்முறை காண்பவர் போலப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாக மென்று உண்ண வேண்டும். பயிற்சியின் கடுமை அதற்குப் பின்னரே தெரியவரும். வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள்கள் பயில வேண்டும். வந்தவர்கள் வயதுவந்தவர்கள், தம் துன்பத்துக்கு வழி தேடித் தாமாக வந்தவர்கள். இதனை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெரியவர்களுக்குப் பயன் தந்த ஒன்றைச் சிறுவர்களுக்கும் தரலாமே என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. இந்தியாவில் தில்லி அரசு 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தன் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தை அறிமுகப்படுத்தியது. தலாய் லாமா அதனைத் தொடங்கி வைத்தார். மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 45 நிமிடப் பாடவேளை ஒன்று இதற்கென ஒதுக்கப்பட்டது. சில நிமிட மனவிழிப்புப் பயிற்சியுடன் தொடங்கும் அவ்வகுப்பில் கதைகளும் கலந்துரையாடல்களும் செயல்பாடுகளும் இடம்பெற்றன. தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. மதிப்பெண்ணைச் சுற்றியே இயங்கும் நம் கல்வி முறையில் இவ்வளவு நேரத்தை விட்டுக்கொடுத்தது சிறிய செயல் அன்று.

இத்தகைய வகுப்பு மாணவர்க்கு உண்மையில் நன்மை தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவர்களின் மனநிலையைக் கேட்டு ஒப்பிடுவது போதாது. இடைப்பட்ட காலத்தில் தேர்வு முடிந்திருக்கலாம், விடுமுறை வந்திருக்கலாம், மாணவர்கள் ஓராண்டு வளர்ந்திருக்கலாம். எனவே ஆய்வாளர்கள் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்குகின்றனர். ஒரு பிரிவில் புதிய பயிற்சி நடக்கும். மறு பிரிவில் வழக்கமான வகுப்புகளே தொடரும். இரு பிரிவினரும் ஒரே காலத்தில் ஒரே வகையாக வளர்வதால், இறுதியில் தோன்றும் வேறுபாட்டைப் பயிற்சியின் விளைவாகக் கொள்ளலாம்.

பிரிட்டனில் இம்முறையில் நடந்த மிகப் பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பயிற்சி தொடங்கியபோது அவர்கள் 11 வயது முதல் 14 வயதுக்குள் இருந்தனர். ஆசிரியர்கள் முதலில் தாங்களே மனவிழிப்பைக் கற்று, பின்னர் மாணவர்களுக்குப் பத்துப் பாடங்கள் நடத்தினர். ஓராண்டு கழித்து அளந்தபோது, மனச்சோர்வுக்கான வாய்ப்பிலோ பொதுவான மனநலத்திலோ பயிற்சி பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஏற்கெனவே மனநலக் குறைபாட்டின் அறிகுறிகள் உடைய மாணவர்களுக்கு இப்பயிற்சி பொருந்தாமல் போகலாம் என்றும் ஆய்வாளர்கள் எச்சரித்தனர். கண்களை மூடி உள்ளே பார்க்கச் சொன்னால், உள்ளே துயரம் நிறைந்திருக்கும் சிறுமி துயரத்தைத்தானே பார்ப்பாள்!

முயற்சியைப் பெரிதும் விரும்பியவர்களே அதன் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது. காரணமும் ஓரளவு புலப்பட்டது. மாணவர்களுள் மிகப் பலர் வகுப்புக்கு வெளியே பயிற்சியைச் செய்யவே இல்லை. வலியோடு தாமாக வந்து, நாள்தோறும் முக்கால் மணி நேரம் பயின்ற நோயாளியின் நிலை வேறு. கால அட்டவணையில் வந்துவிட்டதே என்பதற்காக அமர்ந்த பன்னிரண்டு வயது மாணவனின் நிலை வேறு. நீச்சலைப் பற்றிப் பத்துப் பாடம் கேட்டுவிட்டு, ஆற்றுக்கே போகாதவன் நீந்தக் கற்றதாகச் சொல்ல முடியாது. அவன் ஆற்றுக்குப் போக விரும்பினானா என்று யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

அதே ஆய்வில், எதிர்பாராத இடத்தில் ஒரு நன்மை தெரிந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பணிச்சோர்வு குறைந்தது. பள்ளியில் ஒருவரையொருவர் மதிக்கும் சூழலும் சற்று மேம்பட்டது. அவையும் ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிட்டன. எனினும் களைப்பில்லாத ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழைவது எத்தகைய மாறுதல் என்பதை மாணவர்களே நன்கு அறிவர்.

ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகில், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனைகளைப் பின்பற்றும் ரிஷி வேலி பள்ளி உள்ளது. அங்கே மாலையில் மாணவர்கள் ஒன்றுகூடி, கதிரவன் மலைகளுக்குப் பின்னால் மறைவதை மௌனமாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. ‘அஸ்தாசல்’ என்பது அதன் பெயர். மூச்சை எண்ணும் பாடம் அதில் இல்லை. வானம் சிவக்கிறது, பறவைகள் கூடு திரும்புகின்றன, பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். ஒருவன் கதிரவனையும் மற்றொருவன் எறும்பு வரிசையையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். இருள் சூழத் தொடங்கியதும் அவர்கள் எழுந்து செல்கின்றனர்.